வண்டுக் கலயம்

வன்னியபெருமாளின் வலது கைச் சுட்டுவிரல் எப்போதும் வெள்ளையாகவே இருக்கும். குளித்தாலும் போகாது, சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. முப்பத்தைந்து வருஷமாகக் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவிய விரல் அது. நகக்கண்ணில் வெடிப்பு விழுந்து, அந்த வெடிப்புக்குள்ளும் சுண்ணாம்பு ஏறியிருந்தது.

அவருடைய அப்பாவும் பனையேறிதான். ஆனால் சுண்ணாம்பை மறந்துவிடுகிற பனையேறி. அதாவது, பதநீர் புளித்துக் கள்ளாகட்டும் என்று வேண்டுமென்றே மறந்துவிடுகிறவர். ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், மரத்து உச்சியிலேயே புளித்த கலயத்தை வாயில் கவிழ்த்தவர், இறங்கும்போது கால் தவறி விழுந்தார். உயிர் போக ஒரு நாழிகைகூட ஆகவில்லை. பதினோரு வயதுப் பிள்ளையைப் பிணத்தின் பக்கத்தில் நிறுத்தி, தாய்க்காரி ஒரே ஒரு வாக்குக் கேட்டாள். இனி அவன் கை தொடுகிற எந்தக் கலயத்திலும் சுண்ணாம்பு இல்லாமல் இருக்கக்கூடாது என்றாள். பிள்ளை தலையை ஆட்டினான். அன்று ஆட்டிய தலை, பிறகு ஒரு நாளும் மாறவில்லை.

மாப்பிள்ளையூரணிக்கு வடக்கே, உப்பளங்கள் முடிந்து செம்மண் தொடங்குகிற இடத்தில் அவர் ஏறிய பனைவிளை இருந்தது. இருபத்தேழு பனைகள். விளை, தூத்துக்குடி கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த சிவனாண்டி அண்ணாச்சிக்குச் சொந்தம். மரத்தில் ஏறுவதும் பதநீர் இறக்குவதும் வன்னியபெருமாள்; அடுப்பு மூட்டிக் கருப்பட்டி காய்ச்சுவது அவர் மனைவி சண்முகத்தாய்; பாதிக் கருப்பட்டி அண்ணாச்சியின் கடைக்கு. பதினெட்டு வருஷமாக அப்படித்தான் ஓடியது.

சண்முகத்தாய் உப்பளத்தில் வளர்ந்தவள். ஒன்பது வயதிலிருந்து உப்பு வாரியவள். உள்ளங்கால் முழுதும் புண் ஆறிய தழும்புகள். வெயிலில் உப்பு மினுங்கி மினுங்கி, இடது கண்ணில் எப்போதும் நீர் வடியும். கல்யாணமான மூன்றாம் நாள் வன்னியபெருமாள் அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு, "இனி இந்தக் கால் உப்புல படாது" என்று சொன்னார். அதிகம் பேசாத மனிதர் அவர். அதற்குப் பிறகு அவ்வளவு நீளமாக அவர் எதையும் சொன்னதில்லை என்று சண்முகத்தாய் சிரிப்பாள்.

1949-ஆம் வருஷம் ஆவணியில் அந்த வாக்குக்கு ஆபத்து வந்தது.

முதலில் ஓலைகள்தான் சொல்லின. புதிதாக விரிகிற ஓலைகள் விசிறியைக் கத்தரியால் வெட்டியது போல வந்தன. வன்னியபெருமாள் ஏறிப் பார்த்தார். குருத்தின் அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்கு வெளியே மென்று துப்பிய சக்கை. உள்ளே கம்பியை விட்டுக் குத்தி இழுத்தார். கருகருவென்று, மூக்கில் கொம்பு முளைத்த வண்டு ஒன்று கம்பி முனையில் காலை உதைத்துக்கொண்டு வந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே. அதற்கடுத்த மரத்திலும்.

புரட்டாசி பிறந்ததும் சிவனாண்டி அண்ணாச்சி குடையைப் பிடித்துக்கொண்டு விளைக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் கடைக்காரர். துறைமுகத்துப் பக்கம் புதிதாகச் சரக்குக் கொட்டகை கட்டுகிறவர்கள் மேற்கூரைக்குப் பனங்கட்டை கேட்டு அவர் கடைக்கே இரண்டு தடவை வந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஏலே வன்னியபெருமா, குருத்து அழுகினா மரம் நின்னுக்கிட்டே செத்துரும். செத்த மரத்தை எவனும் கேக்க மாட்டான். உசுரோட இருக்கும்போதே தட்டிருவோம். தை பத்துக்கு மரம் அறுக்க ஆளு வரும்."

"அதுக்குள்ள வண்டு நின்னுட்டா, அண்ணாச்சி?"

"நின்னா பாப்போம். நீ எனக்குக் காட்டணும்."

அவ்வளவுதான் பேச்சு. குடை போய்விட்டது. சண்முகத்தாய் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.  அன்று சாயங்காலம் அவள் தன் கால்களைக் கழுவியபோது வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினாள். அதை வன்னியபெருமாள் பார்த்துவிட்டார். பார்த்தது தெரியாதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓர் ஆண்மகன் கொடுத்த வாக்கு, ஒரு வண்டின் கொம்பில் மாட்டிக்கொண்டு ஊசலாடுவதைப் போன்ற துயரம் உலகத்தில் வேறு உண்டா?

அந்த வாரம் ஆற்றங்கரை ஊரிலிருந்து நல்லக்கண்ணு வந்தார். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்து விவசாயி. செக்கில் ஆட்டிய புண்ணாக்கை மாட்டு வண்டியில் ஏற்றி ஊர் ஊராக விற்பவர். சங்கதியைக் கேட்டதும் வண்டியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தே விட்டார். அவருடைய தென்னைகளுக்கும் இதே நோய் வந்திருந்ததாம். இரண்டு வைத்தியம் சொன்னார். ஒன்று மேலே: வேப்பங்கொட்டையை இடித்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு மணல் கலந்து, குருத்தைச் சுற்றியுள்ள மூன்று மட்டை இடுக்கிலும் போடவேண்டும். வண்டு அந்தப் பக்கம் வராது. இன்னொன்று கீழே: ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் கரைத்து, மண்கலயத்தில் ஊற்றி, வாய் மட்டத்துக்குத் தரையில் புதைக்கவேண்டும். மூன்றாம் நாள் அது புளித்து நாறும். அந்த நாற்றத்துக்கு வண்டு தானே பறந்து வந்து விழுந்து செத்துப்போகும்.

"காலையில போய்ப் பாத்தீருன்னா, அள்ளி அள்ளிக் கொட்டலாம் ஓய்" என்றார் நல்லக்கண்ணு.

சண்முகத்தாய் குயவர் வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு புதுக்கலயம் வாங்கிவந்து முற்றத்தில் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் அவளே புண்ணாக்கைக் கரைத்தாள். அவரே குழி தோண்டினார். வேப்பங்கொட்டையும் மணலும் கலந்த பொட்டலங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு இருபத்தேழு மரமும் ஏறி இறங்கினார். இதெல்லாம் முடியவும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் கலயத்தில் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் ஒரு தவளை இருந்தது. எட்டாம் நாளும் தவளைதான். மழைத்தண்ணீர் சேர்ந்து கெட்டிருக்கும் என்று சண்முகத்தாய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி கரைத்து ஊற்றி, மேலே சிரட்டையைச் சாய்த்து வைத்தாள். பத்து நாள் போயிற்று. வண்டு வரவில்லை. மேலேயோ, ஓலைகள் வெட்டுப்பட்டே விரிந்தன.

பக்கத்து விளைக்காரர்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள். வண்டுக்கு விருந்து வைத்தும் வரவில்லையே, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தீர்களா என்று ஒருவன் கேட்டான். தென்னைக்குச் சொன்ன வைத்தியம் பனைக்கு எப்படிப் பலிக்கும் என்றான் இன்னொருவன். ஆற்றுத் தண்ணீர் குடிக்கிற வண்டு வேறு, இந்த உப்புக்காற்று வண்டு வேறு என்று மூன்றாமவன் தீர்ப்பே சொன்னான். வன்னியபெருமாளுக்கு எல்லாம் சரியென்றே பட்டது. முதலாமவன் சொன்னதும் சரி, மூன்றாமவன் சொன்னதும் சரி. நல்லக்கண்ணு சொன்னதும் பொய்யாக இருக்க முடியாது. அந்த மனிதரின் முகத்தில் பொய் இல்லை. எல்லோரும் மெய் சொல்கிறார்கள், ஆனால் கலயம் மட்டும் காலியாக இருக்கிறது. இது என்ன கணக்கு?

கார்த்திகை முதல் வாரத்தில் நல்லக்கண்ணுவின் வண்டி மறுபடி வந்தது. சண்முகத்தாய் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"எங்க வண்டுக்கு உங்க ஊரு சமையல் பிடிக்கலையாம் அண்ணாச்சி. திரும்பக் கொண்டுபோங்க உங்க புண்ணாக்கை."

நல்லக்கண்ணு நேரே விளைக்குள் போனார். ஒரு கலயத்தின் மேல் குனிந்து மோந்தார். முகம் சுருங்கியது. அடுத்த கலயத்துக்குப் போனார். அதையும் மோந்தார். பிறகு கரைசலைக் கொட்டிவிட்டு உள்ளே விரலை விட்டு வழித்து, அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்தார். விரல் வெள்ளையாக இருந்தது.

"இதுக்குள்ள சுண்ணாம்பு தடவினது யாரு ஓய்?"

சண்முகத்தாய் தான் இல்லை என்றாள். வன்னியபெருமாளும் தாம் இல்லை என்றார். இரண்டு பேரும் உண்மையாகவே சொன்னார்கள். நல்லக்கண்ணு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சண்முகத்தாயின் கண் மெதுவாகப் புருஷனுடைய சுட்டுவிரலில் போய் நின்றது.

புதுக்கலயங்கள் முற்றத்தில் ஒரு ராத்திரி கவிழ்ந்து கிடந்தன அல்லவா? பனையேறி வீட்டில் காலிக்கலயம் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. அவர் பேசிக்கொண்டே தடவுவார், நடந்துகொண்டே தடவுவார், அரைத்தூக்கத்திலும் தடவுவார். பன்னிரண்டையும் அந்தக் கை தடவியிருக்கிறது. கைக்கு உடையவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

"சுண்ணாம்பு பட்டா எப்படிப் புளிக்கும்? புளிக்கலைன்னா எப்படி நாறும்? நாறலைன்னா வண்டு எதை மோந்துக்கிட்டு வரும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார் நல்லக்கண்ணு. பிறகு அவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சண்முகத்தாய் சிரிக்கவில்லை. "கஞ்சிப் பானைக்கும் தடவுவாரு அண்ணாச்சி. விட்டா என் வாய்க்கும் தடவிருவாரு" என்றாள். சொல்லிவிட்டு, கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேறு கலயம் வாங்கவேண்டும். சுண்ணாம்பு படாமல் வைக்கவேண்டும். வேறொருவருக்கு இது ஒரு பெரிய விஷயமா? ஆனால் வன்னியபெருமாளுக்கு நெஞ்சுக்குள் பூகம்பமே வந்தது. செத்த தகப்பனின் பக்கத்தில் நின்று தாய்க்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். உப்பில் கால் படாது என்று தாரத்துக்குக் கொடுத்த வாக்கு மறுபக்கம். ஒன்றைக் காத்தால் இன்னொன்று போகும். போதாததற்கு ஜில்லாவில் மதுவிலக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இருந்தால் பதநீர். தடவாத கலயத்தில் புளித்தால் கள். பனைமூட்டில் புளித்து நாறுகிற வெறும் கலயத்தைப் பார்த்தால் போலீஸ்காரர் முதலில் விலங்கைத்தான் எடுப்பார்.

 மூன்றாம் நாள் காலை வன்னியபெருமாள், தம் வலது கையை ஒரு பழந்துணியால் மணிக்கட்டு வரை சுற்றிக் கட்டிக்கொண்டு மனைவியின் முன்னால் வந்து நின்றார்.

"ஏளா, நீயே வாங்கு. நீயே புதை. நான் தொடமாட்டேன். தொட்டாத்தானே குத்தம்."

அது சரியா தப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. மேலுலகத்தில் தாய் இதை ஒப்புக்கொள்வாளா என்றும் தெரியவில்லை. இடது கையாலேயே சாப்பிட்டுக்கொண்டு நான்கு நாள் திரிந்தார்.

நான்காம் நாள் காலையில் சண்முகத்தாய் கூப்பிட்ட குரலில் அவர் ஓடினார். முதல் கலயத்தில் பதினாலு வண்டு. அடுத்ததில் ஒன்பது. கரைசலுக்கு மேலே கருப்பாக, ஒன்றின் மேல் ஒன்றாக, கொம்பும் காலும் பின்னிக்கொண்டு மிதந்தன. நாற்றம் குடலைப் பிடுங்கியது. சண்முகத்தாய் அந்த நாற்றத்தை மூக்கு நிறைய இழுத்தாள்.

நாற்றம் ஊருக்கும் போயிற்று. இரண்டு நாள் கழித்து ஹென்றி ஏட்டு சைக்கிளில் வந்து இறங்கினார். கடற்கரைத் தெருக்காரர்; கண்டிப்பானவர். பனைமூட்டில் புதைத்த கலயம், உள்ளே வெள்ளைப்பூச்சு இல்லை, புளித்த வாடை. அவருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?  குற்றம் செய்யாத வன்னியபெருமாள், தம் தகப்பன் செய்த குற்றத்துக்குப் பதில் சொல்லப்போகிறவர் போலக் கைகட்டி நின்றார்.

"என்னலே இது?"

"வண்டு மருந்து, ஏட்டையா" என்றார் வன்னியபெருமாள்.

"எல்லாப் பயலும் மருந்துன்னுதான் சொல்லுதான்."

ஏட்டு சிரட்டையைத் தள்ளிவிட்டு, தாமே கையைவிட்டு ஒரு கை அள்ளினார். அள்ளிய கை அப்படியே நின்றது. செத்த வண்டுகளுக்கு நடுவே சாகாத வண்டு ஒன்று அவர் மணிக்கட்டில் ஏறிச் சட்டைக்கைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் ஆடிய ஆட்டத்தை சண்முகத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். கை கழுவ அவளிடம் ஐந்து தடவை தண்ணீர் வாங்கினார். போகும்போது, இதைக் குடிக்கிறவனைத் தாம் பிடிக்கவேண்டியதில்லை, ஆஸ்பத்திரிதான் பிடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

அந்த ஆபத்து போயிற்று. ஆனால் பெரிய குழப்பம் அதற்குப் பிறகுதான் வந்தது. மார்கழி முழுதும் வண்டு விழுந்துகொண்டே இருந்தது. ஆயினும் மேலே விரிகிற ஒவ்வொரு ஓலையும் வெட்டுப்பட்டேதான் விரிந்தது. இத்தனை வண்டு செத்த பிறகும் யார் வெட்டுகிறார்கள்? வன்னியபெருமாள் மரத்து உச்சியில் உட்கார்ந்து யோசித்தார். தூரத்தில் துறைமுகத்துப் புகை தெரிந்தது. கிட்டத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புக்குவியல்கள். யோசனை எங்கும் போய்ச் சேரவில்லை.

தை பிறந்து நான்காம் நாள் சிவனாண்டி அண்ணாச்சி வந்தார். கலயத்தருகே குவித்துப்போட்ட வண்டுக்குவியலைப் பார்த்துத் திகைத்தார். மேலே கிழிந்த ஓலைகளைப் பார்த்தார்.

"எலே, இவ்வளவு வண்டா? கொல்லுதியா, வளக்குதியா? பத்து வேண்டாம், நாளைக்கே ஆளை வரச்சொல்லுதேன்."

எதை வன்னியபெருமாள் தம் வெற்றி என்று இத்தனை நாள் குவித்து வைத்தாரோ, அதுவே இப்போது அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது.  

சண்முகத்தாய்தான் முன்னால் வந்தாள். அண்ணாச்சிக்கு முன்னால் அவள் நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, பெட்டியில மடிச்சு வச்ச சேலையை எலி கடிச்சா, எடுத்து விரிக்கும்போதுதான ஓட்டை வரிசையாத் தெரியும்? அதுக்காக அன்னைக்கா கடிச்சது?"

அண்ணாச்சிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. வன்னியபெருமாளுக்கு அதைவிட அதிக நேரம் ஆயிற்று. குருத்து என்பது மடித்து வைத்த ஓலைதான். ஆவணியில் குத்திய ஓட்டை தையில் விரிந்து தெரிகிறது. அப்படியானால் கலயம் வைத்த பிறகு முளைத்த குருத்தை விரித்துப் பார்த்தால் அல்லவா உண்மை தெரியும்? பதினெட்டு வருஷம் அந்த ஓலைகளோடு வாழ்ந்த மனிதருக்கு, மரம் ஏறியே பார்த்திராத ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது.

அவர் அரிவாளை எடுத்து இடுப்பில் செருகினார். அன்று சாயங்காலத்துக்குள் இருபத்தேழு மரத்திலும் ஏறி, மரத்துக்கு ஒன்றாக விரியாத குருத்தை வெட்டிப் போட்டார். சண்முகத்தாய் ஒவ்வொன்றாக விரித்து மணலில் வரிசையாக வைத்தாள். பதினெட்டு குருத்து பால் வெள்ளையாக, ஓர் ஊசிக்குத்துகூட இல்லாமல் விரிந்தன. ஒன்பதில் ஓட்டை இருந்தது.

அண்ணாச்சி நெடுநேரம் அந்த வரிசையைப் பார்த்தார். கடைசியில், பதினெட்டும் நிற்கட்டும், ஒன்பது மட்டும் போகட்டும் என்றார். நியாயமான தீர்ப்பு என்று எல்லோருக்கும் பட்டது.

மறுநாள் காலை மரம் அறுக்கிறவர்கள் வந்தார்கள். முதல் மரம் கிணற்றடியில் நின்ற பெண்பனை. அது விழுந்த சத்தத்தில் வன்னியபெருமாள் கண்ணை மூடிக்கொண்டார். விழுந்த பனையின் தலையைப் பிளந்து உள்ளே இருக்கும் இளங்குருத்தை எல்லோருக்கும் பங்கிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கோடாலியால் பிளந்தார்கள். மட்டை இடுக்கில் வேப்பந்தூளும் மணலும் கட்டியாக இருந்தது. அதற்குள்ளே, துளைக்க வந்த இடத்திலேயே செத்து உலர்ந்த வண்டு ஒன்று. பழைய ஓட்டை அதற்கு மேலே நின்றுவிட்டது. அதற்குக் கீழே, அடுத்து வரவேண்டிய குருத்துகள் ஒன்றுக்குள் ஒன்றாக, காயமே இல்லாமல் சுருண்டிருந்தன.

மரம் பிழைத்திருந்தது. பிழைத்த மரத்தைத்தான் வெட்டியிருந்தார்கள்.

 வன்னியபெருமாள் எழுந்துபோய் இரண்டாவது மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அறுக்கிறவன் நகரச் சொன்னான். அவர் நகரவில்லை. அவர் தோள்கள் குலுங்குவதை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். சிவனாண்டி அண்ணாச்சி குனிந்து, பிளந்த தலைக்குள் அந்த வண்டை விரலால் தொட்டுப் பார்த்தார். குடையை விரித்தார். விரித்த குடையை மறுபடி மடக்கினார்.

"எட்டும் நிக்கட்டுலே. வெட்டினது வெட்டினதுதான்" என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

இருபத்தாறு மரம் மிஞ்சியது. உப்பளத்துக்குப் போகவேண்டாம் என்று ஆயிற்று. அழுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் வன்னியபெருமாள் விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு மரம் சாகாவிட்டால் மற்ற எட்டும் பிழைத்திராது. அதன் குருத்தை வெட்டிக் காட்டி, அதற்குச் சாவுத்தீர்ப்பு வாங்கிக் கொடுத்தது அவர் கைதான். காப்பாற்றியதும் அதே கைதான். இதில் எதை எதோடு சேர்ப்பது?

சண்முகத்தாய் இளங்குருத்தின் ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்றார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நீட்டிய கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். வெகுநேரம் கழித்து வாங்கி, ஓரத்தைக் கடித்தார். மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

"இனிக்கத்தான் செய்யிது" என்றார் வன்னியபெருமாள். "ஏன் இனிக்குதுன்னுதான் தெரியல."